பொடி கொட்டாத டாஃபடில்

செய்தி வந்தபோது காலை ஏழு நாற்பது. மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை. தொலைபேசியில் தெல்மா, ஓல்வென் வீட்டிலிருந்து.

"ரோனா, ஓல்வென் எந்திரிக்கல. அவ தூங்குறான்னு நெனச்சு திரைச்சீலைய ஒதுக்கி விட்டுட்டு டீ போடக் கீழ போனேன். டீயோட மேல வந்தப்பதான் தெரிஞ்சுது. கோப்பை இன்னும் என் கையில இருக்கு. இத என்ன பண்றது?"

"எங்கயாவது கீழ வை தெல்மா. நான் வரேன்."

நான் போனபோது அவள் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கோப்பை மடியில் இருந்தது. வியாழன்தோறும் இருவரும் எட்டேகால் பேருந்தில் லெட்பரி சந்தைக்குப் போவார்கள். அதற்காக ஓல்வெனைக் கூப்பிட வந்த தெல்மா மேல்கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தானும் பூட்டியிருந்தாள்.

ஓல்வென் பிரீஸுக்கு வயது எழுபத்தொன்பது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அன்று சந்தையிலிருந்து திரும்பியதும் தெல்மாவிடம் அவள் ஒரு விஷயத்தைச் சொல்வதாக இருந்தாள். இருபத்தொன்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். சனிக்கிழமை ஒருவர் பூப் பார்க்க வருகிறார், அவர் வாயிலிருந்து தெல்மா அதைக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் ஓல்வெனின் கடைசி வாரத்துக் கவலை. விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அவள் எங்கள் ஊரான பிரெட்வெல்லின் தபால்காரியாக முப்பத்தெட்டு வருடம் இருந்தாள். முதலில் சைக்கிள், பிறகு சிவப்பு வண்டி. உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தே யார் யாருக்கு எழுதியது, சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். அந்தப் பழக்கத்தை அவள் பூவிடமும் கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் மார்ச் மாதம் இரண்டு வகை மஞ்சள் டாஃபடில் பூக்கும். யாரும் நடாமல் காலகாலமாகத் தானே பூப்பது ஒன்று. கடையில் கிழங்கு வாங்கி நட்டது மற்றொன்று. வெளியூர்க்காரர்கள் டாஃபடில் ஞாயிறு என்று ஊர் கொண்டாடும் நாளில் பேருந்தில் வந்து இறங்கி, ஊர்ப் பலகைக்குக் கீழே இருக்கும் கடைப்பூவைப் படம் பிடித்துக்கொண்டு, ஊர் மன்றத்தில் கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது ஓல்வெனுக்கு ஆகாது. கேக் மேசைக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு மேசை போட்டுக்கொள்வாள். அதன் மேல் இரண்டு ஜாடி, ஒவ்வொன்றிலும் ஒரு பூ.

"எது காட்டுப்பூ? சொல்லுங்க பாப்போம்."

ஒருமுறை பர்மிங்காம்காரர் ஒருவர் பெரியதைக் காட்டினார்.

"அது கடையில வாங்கினது கண்ணு. உங்க சட்டை மாதிரி. ரெண்டும் தூரத்துல இருந்தே கத்துது."

அவர் சிரித்துவிட்டார். அவர் மனைவி இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

காட்டுப்பூ உயரமில்லை. ரப்பர் பூட்ஸின் பாதிக்கு வந்தால் அதிகம். வெளியே இருக்கும் ஆறு இதழும் வெளிர் நிறம், பழைய வெண்ணெய் மாதிரி. நடுவில் இருக்கும் குழல் மட்டும் முட்டைக் கருவின் மஞ்சள். கடைப்பூவில் இந்த இரண்டு நிறம் இருக்காது, முழுக்க ஒரே மஞ்சள். காட்டுப்பூவின் இதழ்கள் லேசாக முறுக்கிக்கொண்டு முன்பக்கம் சாயும், காற்றுக்குக் கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பவரைப் போல. இதழ் எவ்வளவு நீளமோ குழலும் ஏறக்குறைய அவ்வளவு நீளம். அதன் வாய் அதிகம் விரிவதில்லை. இலை ஒடுக்கம், சாம்பல் பூத்த பச்சை. ஒரு தண்டுக்கு ஒரு பூ, அதுவும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

ஆனால் இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக அவள் நம்பமாட்டாள். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். இங்கே வந்த புதிதில், வேலியோரம் ஒரு குட்டைப் பூவைக் கண்டு "காட்டுப்பூ!" என்று கூவினேன். ஓல்வென் வண்டியை நிறுத்தி, இறங்கி, முட்டி போட்டுப் பார்த்தாள்.

"பட்டினி கிடந்த கடைப்பூ. மண்ணு மோசம், அதான் வளரல. உங்க காலேஜ்ல அளவுகோல் மட்டும்தான் குடுத்தாங்களா?"

"பின்ன எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பாரு. கடைக் கிழங்கு பிளந்து பிளந்து ஒரே இடத்துல குடும்பமா நிக்கும். காட்டுப்பூ விதையில வர்றது. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க, நடுவுல இலை மட்டும் இருக்கற சின்னதுங்க. எல்லா வயசும் இருந்தா அது காடு. எல்லாத்துக்கும் ஒரே வயசுன்னா யாரோ நட்டிருக்காங்க."

விதை விழுந்து முதல் பூ வர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். முதல் வருடம் ஊசிபோல் ஓர் இலை, அவ்வளவுதான். புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் ஓல்வெனுக்குத் தெரிந்தது. எனக்கு இன்றும் தெரியாது.

எனக்குப் புரியாத இன்னொன்றும் இருந்தது. மார்ச் மாதம் மட்டும் அவள் விரல்நுனிகள் மஞ்சளாக இருக்கும். பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பூ எண்ணப் போகும் நாட்களில் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். "என்ன, கஸ்டர்ட் கிண்டினியா?" என்று கேட்டால், "ஆமா, உனக்கு மிச்சம் வைக்கல" என்பாள். எட்டு வருடம் இதே பதில்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள், கார் பழுதாகி, நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் போக முதல் பேருந்தைப் பிடிக்கச் சீக்கிரமே கிளம்பினேன். பாலத்துக்குப் பக்கத்து வளைவில் ஓல்வென் சாலையோரப் புல்லில் மண்டியிட்டிருந்தாள். கையில் புருவ முடி பிடுங்கும் சின்ன இடுக்கி. ஒரு டாஃபடிலின் குழலை இரண்டு விரலால் மெல்ல விலக்கி, உள்ளே இடுக்கியை விட்டு, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பூவுக்கு ஆறு.

"ஓல்வென், என்ன பண்ற?"

அவள் திரும்பவில்லை. "பஸ்ஸு போயிடும் உனக்கு."

"போகட்டும்."

"பஸ்ஸ விடறன்னா உக்காந்து பிடுங்கு. அந்த மூலையில எட்டு இருக்கு. காம்ப விட்டுட்டுத் தலைய மட்டும் எடு. நடுவுல இருக்கற சூல்தண்டத் தொடாத."

அந்த வளைவில்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் தெல்மாவின் மகன் கிளைவ் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்தான். பத்தொன்பது வயது. அந்த இலையுதிர் காலத்தில் தெல்மா ஓல்வெனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எதிரே, ஓடைக்கு அப்பால் இருக்கும் மேட்டில் பூப்பது போன்ற பூ அவன் விழுந்த இடத்திலும் வேண்டும். மேட்டில் இருந்தது காட்டு டாஃபடில், பல்லாயிரம். அதைத் தோண்டினால் சட்டப்படி குற்றம். அரசாங்கத் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓல்வென் அதைச் செய்யமாட்டாள். சந்தையில் அறுபது கிழங்கு வாங்கி வந்தாள். வெங்காயம்போலக் கொழுத்த கிழங்குகள். டாஃபடில் என்றால் டாஃபடில்தானே என்று அப்போது அவளும் நினைத்தாள். இருவரும் சேர்ந்து நட்டார்கள்.

அடுத்த மார்ச்சில் பூ வந்தது. பெரிதாக, ஒரே மஞ்சளாக, நிமிர்ந்து. தெல்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அல்லது பெரிதாக இருந்ததே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் பத்து மணிக்கு அங்கே வந்து நின்றாள். கிளைவ் போனதிலிருந்து அதுவரை, நட்ட நாளைத் தவிர, அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை.

எட்டாவது வருடம், ஓடைக்கு அப்பால் மேட்டில் ஒரு பூ தப்பாக இருந்ததை ஓல்வென் கண்டாள். மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். இதழும் குழலும் ஒரே நிறம். அடுத்த வாரம் அதே மாதிரி பத்தொன்பது. கிளைவின் பூக்களிலிருந்து வண்டு மகரந்தத் தூளைச் சுமந்துகொண்டு ஓடையைத் தாண்டியிருக்கிறது. விதை விழுந்து, ஏழு வருடம் கழித்துக் கலப்பு வெளியே தெரிகிறது.

"அப்படியே விட்டா ரெண்டு மூணு தலைமுறையில மேடு முழுக்க இப்படி ஆயிடும்," என்றாள், நான் பேருந்தை விட்ட அன்று வளைவில் என்னிடம். "அப்புறம் காட்டுப்பூன்னு காட்ட அங்க ஒண்ணும் இருக்காது. யார் தப்பு? கிழங்கு வாங்கினது நான்."

"தெல்மாகிட்ட சொல்லி எடுத்துடலாமே."

"அவகிட்ட போய், உன் பையன் ஊரைக் கெடுக்கறான்னு சொல்லச் சொல்றியா?"

அதனால் அவள் கிளைவின் பூக்களைத் தோண்டவில்லை, சொல்லவுமில்லை. மேட்டிலிருந்த கலப்புச் செடிகள் பத்தொன்பதையும் மட்டும் எடுத்தாள். அதற்கடுத்த வசந்தத்திலிருந்து, தெல்மா எழுந்திருக்கும் முன்னால் தபால் வண்டியை வளைவில் நிறுத்தி, அன்று புதிதாக விரிந்த பூக்களில் மட்டும் தூளை எடுத்துவிடுவாள். பூ பூவாகவே நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாடிய பிறகு தலைகளைக் கிள்ளிவிடுவாள், விதை பிடிக்கக் கூடாதென்று. அதை யாரும் கேட்கமாட்டார்கள், தோட்டக்காரர் எல்லாரும் செய்வதுதான். ஓய்வு பெற்ற பிறகு நடைப்பயிற்சி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

இது பலித்ததா என்று அறிய எனக்கு ஆவல். அவளுக்கும்தான். ஆனால் இன்று செய்வதன் பலன் ஏழெட்டு வருடம் கழித்துத்தான் தெரியும். மேட்டில் கண்ட கலப்புச் செடிகளைத் தபால் அலுவலக நாட்காட்டிகளில் வருடாவருடம் குறித்து வைத்திருந்தாள். முதலில் ஏறிக்கொண்டே போய் ஒரு வருடம் முப்பத்தொன்று. பிறகு பதினேழு. பிறகு ஆறு, நான்கு, மறுபடி ஆறு. ஏன் மறுபடி ஆறு என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தோம். முட்டி அறுவை சிகிச்சையால் அவள் வளைவுக்குப் போகாத வசந்தத்தோடு ஏழெட்டு வருடத்தைக் கூட்டிப் பார்த்ததும் கணக்கு சரியாக வந்தது. போன வருடம் ஒன்றுகூட இல்லை.

இதன் நடுவே தெல்மா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்.

ஊர் மன்றத்தில் பூக்காட்சி. வெள்ளைத் துணி விரித்த மேசையில் எல்லாருடைய ஜாடிகளும் இருந்தன. மூன்றாம் நாள் பார்த்தால் மற்ற ஜாடிகளைச் சுற்றி மஞ்சள் பொடி சிந்தியிருக்கிறது. கிளைவின் பூவைச் சுற்றி மட்டும் துணி வெள்ளை.

"பாருங்க எல்லாரும்!" என்றாள் தெல்மா. "உசுரோட இருந்தப்ப மெக்கானிக் ஷெட்டுல இருந்து வந்து கை கழுவாம சாப்பாட்டு மேசையில உக்காருவான். என் துணி ஒண்ணு உருப்பட்டதில்ல. இப்பதான் திருந்தியிருக்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஓல்வென் கேக் வெட்டும் சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு அது தெல்மாவின் பெருமையாகிவிட்டது. பொடி கொட்டாத டாஃபடில், உலகத்திலேயே கிளைவுக்கு மட்டும். போன இலையுதிர் காலத்தில் பூ வளர்ப்போர் சங்கம் ஒன்றுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். இது புது வகையாக இருந்தால் என் மகன் பெயரை வைக்க முடியுமா என்று. ஹார்ட்னல் என்ற நடுவர் பதில் எழுதினார்: மார்ச் பதினாறு, சனிக்கிழமை, நேரில் வந்து பார்க்கிறேன். தெல்மா புது மேசைத்துணி வாங்கினாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஓல்வென் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"பிடுங்கினா, வர்றவர் கண்ணாடிய வச்சுப் பாத்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவாரு. பிடுங்காம விட்டா, சாதாரணப் பூன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. தெல்மாவுக்கு ஏமாத்தம்தான், ஆனா விஷயம் தெரியாது."

"அப்ப ஒரு வருஷம் விட்டுடேன்."

"ஒரு வருஷம் விட்டா என்ன ஆகும்னு நாட்காட்டியில பாத்தல்ல?"

"அது தெரியறதுக்கு எட்டு வருஷம் ஆகும். உனக்கு எண்பத்தேழு ஆயிடும்."

"எனக்கு ஆகும். மேடு அங்கயேதான இருக்கும்?" டீக்கோப்பையைத் தள்ளி வைத்தாள். "சொல்லிடறேன். வியாழக்கிழமை, சந்தையில இருந்து வந்ததும். பஸ்ஸுல சொன்னா டிரைவர் காது குடுப்பான். சந்தையில சொன்னா கையில கிடைச்ச முட்டைக்கோசத் தூக்கி அடிப்பா. வீட்டுக்கு வந்து உக்காந்தப்புறம்தான்."

புதன் காலை வழக்கம்போல் வளைவுக்குப் போய்விட்டு வந்தாள். விரல் மஞ்சளாக இருந்ததை நானே பார்த்தேன்.

அவள் இறந்தபின் தெல்மாவிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் இருந்தது. ஹார்ட்னலை இன்னொரு நாள் வரச் சொல்லலாம் என்று மட்டும் தெல்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கு? ஓல்வெனும் நானும் சேர்ந்து நட்ட பூ. கிளைவ் பேரோட அவ பேரையும் சேக்க முடியுமான்னு கேக்கப் போறேன்," என்றாள்.

அவளுடைய புது மேசைத்துணியை மடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஹார்ட்னல் வந்தார். ஒல்லியானவர். பூவைத் தொடுவதற்கு முன் தெல்மாவிடம் "தொடலாமாம்மா?" என்று கேட்டார். தெல்மா அவருக்கு முன்பாகவே குனிந்து, பக்கத்தில் இருந்த பூவுக்குள் விரலை விட்டாள். அவளுக்குக் கண் மங்கல், எதையும் தொட்டுத்தான் பார்ப்பாள்.

"பாருங்க, பொடியே..." விரலை வெளியே எடுத்தாள். மஞ்சள். கோட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த பூவில் விட்டாள். சுத்தம். அதற்கடுத்தது, சுத்தம். நான்காவதில் மறுபடி மஞ்சள்.

"இது என்ன? சிலதுல இருக்கு, சிலதுல இல்ல?"

ஹார்ட்னல் கண்ணாடியை எடுத்துக் குழலுக்குள் பார்த்தார். இன்னொன்றில் பார்த்தார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"இது பூவோட குணம் இல்லம்மா. காம்பு ஆறும் நிக்குது, தலை இல்ல. யாரோ பிடுங்கியிருக்காங்க. ரொம்பப் பொறுமையான கை." கூட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "புதுசா விரிஞ்சதுல எல்லாம் தூள் இருக்கு. கடைசியா எடுத்து ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும்."

தெல்மா விரல்களை மடக்கினாள். "சனி. வெள்ளி. வியாழன்." அங்கே நின்றுவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஓல்வெனா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"தொண்ணூத்தஞ்சுல இருந்து."

"எதுக்கு?"

சொன்னேன். கிழங்கு வாங்கியது, வண்டு, ஓடை, பத்தொன்பது, முப்பத்தொன்று, போன வருடம் ஒன்றுமில்லை என்பது, எல்லாம். ஹார்ட்னல் கேட்டுக்கொண்டே ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறிவிட்டார். மண்டியிட்டு, இலைகளை ஒதுக்கி, கால் மணி நேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் கால்சட்டையின் முட்டிகள் நனைந்திருந்தன.

"சுத்தமான காட்டுப்பூ. இவ்வளவு பக்கத்துல தோட்டப்பூ இருந்தும் ஒரு கலப்பு கண்ணுல படல. நான் அவங்களப் பாக்கணுமே."

"புதன்கிழமையே வந்திருக்கணும் நீங்க," என்றாள் தெல்மா.

அவர் தொப்பியைக் கழற்றினார். தெல்மா அவரைப் பார்க்கவில்லை.

"முப்பது வருஷமா எம் பையனுக்கு மூக்கு சிந்தி விட்டிருக்கா. ஒரு வார்த்தை சொல்லல. நானும் ஊரெல்லாம் போய்ப் பீத்திக்கிட்டிருந்தேன். உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பா, கழுதை."

"சிரிக்கல தெல்மா."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே தோண்டிப் போட்டிருப்பேன்." சாய்ந்திருந்த ஒரு பூவை நிமிர்த்திவிட்டாள். "இல்ல. தோண்டியிருக்க மாட்டேன். அவகூடப் பேசறத நிறுத்தியிருப்பேன்."

ஹார்ட்னல் பெயர் வைக்கும் பேச்சை எடுக்கவில்லை. தெல்மாவும் கேட்கவில்லை. மற்றொரு கையுறையையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் மெதுவாக மண்டியிட்டாள்.

"எப்படிப் பிடுங்கணும்?"

"அவ இடுக்கியில எடுப்பா. அது இப்ப எங்க இருக்குன்னு தெரியல."

"எனக்கு நகம் இருக்கு. எதெதுன்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். முதல் பூவின் குழல் கிழிந்துவிட்டது. அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாவதிலிருந்து கை படிந்தது. தூளை எங்கே போடுவது என்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் பிடுங்கியதையும் சேர்த்து, நானும் ஹார்ட்னலும் சுற்றி வந்து தூள் இருந்த பூக்களை எண்ணினோம். முப்பத்தெட்டு. பதினொன்று முடிந்தபோது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஹார்ட்னல் அவளைக் கைகொடுத்துத் தூக்கிக் காரில் ஏற்றினார்.

அந்த வளைவில் இன்னும் இருபத்தேழு பூக்கள் ஆறு மகரந்தப் பைகளோடும் நிற்கின்றன.